பெரியவங்க வீட்ல எதை எடுக்கணும், எதைத் தொடக்கூடாது? வாசகர் கேள்வி பதில்

போன மாசம் வயசானவங்க வீட்டுக்குள்ளயே தடுக்கி விழறதைப் பத்தி எழுதினப்ப, நடக்கற வழியில கிடக்கற சாமானை முதல்ல எடுங்கன்னு ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதமும் வாட்ஸ்அப்பும்தான் இந்த மாசம் முழுக்க. வீடு வீடா போய் பெரியவங்களுக்கு பிசியோதெரபி பண்றது என் வேலை, அதனால உள்ள போய் கண்ணால பார்த்ததை வெச்சுத்தான் பதில் சொல்றேன்.

கேள்வி: எங்களது கும்பகோணம் பக்கம், பழைய காலத்து வீடு. அப்பாக்கு 79, அம்மாக்கு 73, ரெண்டு பேர் மட்டும்தான் இருக்காங்க. நான் பெங்களூர், அண்ணன் துபாய். வீடு முழுக்க சாமான், நடக்கவே இடமில்ல. பொங்கலுக்கு நாலு நாள் லீவு போட்டு வர்றேன், போகிக்குள்ள மொத்தத்தையும் காலி பண்ணிடலாம்னு இருக்கேன். பரண்லேர்ந்து ஆரம்பிக்கட்டுமா, ஸ்டோர் ரூம்லேர்ந்தா? (வாசகி, பெங்களூர்)

பதில்: ரெண்டும் வேண்டாம்மா. பரண்ல இருக்கற அண்டாவும் ஸ்டோர் ரூம்ல இருக்கற பழைய தொட்டிலும் இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இருக்கட்டும், அதால இப்ப யாரும் விழப்போறதில்ல. நீங்க ஆரம்பிக்க வேண்டிய இடம் உங்கப்பா கட்டில்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும் இருக்கற வழி. ஊருக்கு போன அன்னிக்கு ராத்திரி, அவர் வழக்கமா எந்திரிச்சு போற நேரத்துக்கு, லைட்டு போடாம அந்த வழியில நீங்க மெதுவா நடந்து பாருங்க. கால்ல என்ன இடிக்குது, கை எதைப் பிடிக்கலாம்னு தேடுது, எந்த இடத்துல படி வந்ததே தெரியாம தடுமாறுதுன்னு அப்பத்தான் புரியும். கட்டிலுக்கு அடியிலேர்ந்து மூலை நீட்டிக்கிட்டு இருக்கற டிரங்க் பெட்டி, ரேழியில சாத்தி வெச்ச அரிசி மூட்டை, யாரும் ஓட்டாத சைக்கிள், டேபிள் ஃபேனுக்கு இழுத்துவிட்ட எக்ஸ்டென்ஷன் வயர், பழைய புடவையை மடிச்சு கால்மிதியா போட்டது, இதெல்லாம் பகல்ல கண்ணுக்கே படாது, ஏன்னா எல்லாருக்கும் பழகிப்போச்சு. அந்த ஒரு வழி மட்டும் மூணடி அகலத்துக்கு காலியா இருந்தா நாளைக்கு வாக்கர் பிடிச்சு நடக்க வேண்டி வந்தாலும் தாராளமா போகலாம்.

அடுத்தது வெளிச்சம். நம்ம 20 வயசுல பார்த்த வெளிச்சத்துல அறுபது தாண்டினவங்களுக்கு பாதி தெரியாது, அவங்க கண்ணுக்கு ரெண்டு மூணு மடங்கு வெளிச்சம் வேணும். கட்டில்லேர்ந்து கை நீட்டினா ஸ்விட்ச் எட்டணும், வழியில ரெண்டு இடத்துல சின்ன எல்இடி நைட் லேம்ப் எரியணும், தலைமாட்டுல ஒரு டார்ச் எப்பவும் ஒரே இடத்துல இருக்கணும். இதுக்கெல்லாம் ஒரு எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை, அவ்வளவுதான்.

உங்க மாதிரி பழைய வீட்ல நிலைப்படி உயரமா இருக்கும், அதை இடிக்க முடியாது, இடிக்கவும் வேண்டாம். அம்மா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசி குங்குமம் வெக்கறாங்க இல்ல, அது தரை கலர்லேர்ந்து பளிச்சுனு தனியா தெரியும், கால் தானா தூக்கும். இப்பல்லாம் பெயிண்ட் அடிச்சு தரை கலர்லயே விட்டுடறாங்க, அதுலதான் இடிச்சுக்கறாங்க. வாசல்ல மட்டும் இல்லாம உள்ள இருக்கற எல்லாப் படிக்கும் விளிம்புல ஒரு மஞ்சள் பட்டை அடிச்சுடுங்க.

அப்புறம் சமையல்கட்டு. அம்மா தினம் எடுக்கற டப்பா எல்லாம் இடுப்புக்கு மேல தோளுக்குக் கீழ வந்துடணும். மேல் ஷெல்ஃப்ல இருக்கற ஊறுகா ஜாடிக்காக ஸ்டூல் மேல ஏறி விழுந்த எத்தனையோ அம்மாக்களுக்கு நான் எக்சர்சைஸ் சொல்லிக்கொடுத்திருக்கேன், ஒவ்வொருத்தரும் சொன்னது "ஒரு நிமிஷ வேலைதானேன்னு ஏறினேன்". உண்மையிலேயே பயன்படற தட்டு டம்ளர் எவ்வளவுன்னு அம்மாவையே எடுத்து வெக்கச் சொல்லுங்க, மத்த கல்யாண வீட்டுப் பாத்திரம் மேல போகட்டும், மேல ஏறற வேலை நீங்க வர்றப்ப மட்டும். அந்த ஸ்டூலையும் கையோட வேற ரூமுக்கு மாத்திடுங்க. கேஸ் ட்யூபையும் ஒரு தடவை பார்த்துடுங்க, அது மேலயே தேதி அச்சடிச்சிருக்கும், 5 வருஷம் தாண்டியிருந்தா மாத்தணும்.

போகின்னு சொன்னதால ஒண்ணு. பிளாஸ்டிக், நைலான் பாய், டயர், ரெக்சின் எதையும் கொளுத்தாதீங்க, மாசு கட்டுப்பாட்டு வாரியமும் வருஷா வருஷம் இதைத்தான் கேட்டுக்குது, அந்தப் புகை உங்கப்பா மாதிரி வயசுக்கு நெஞ்சுல போய் நிக்கும். நாலு நாள்ல மொத்த வீடும் முடியாது, முடிக்கவும் கூடாது. அவங்க இல்லாத நேரத்துல பீரோவை இங்கேர்ந்து அங்க நகர்த்தி வெக்காதீங்க. இருட்டுல அவங்க நடக்கறது பாதி கண்ணால, பாதி பழக்கத்தால. ஒரு நாற்காலி இடம் மாறினா கூட அவங்களுக்கு அது புது வீடுதான்.

கேள்வி: எனக்கு 74 வயது. கணவர் தவறி ஆறு வருடம் ஆயிற்று, மதுரையில் தனியாக இருக்கிறேன். போன முறை மகனும் மருமகளும் வந்தபோது, நான் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், என் பித்தளைப் பாத்திரங்கள், அவருடைய சட்டைகள், பைண்டு பண்ணி வைத்திருந்த பழைய வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டார்கள். கேட்டால் "உங்க நல்லதுக்குத்தான்மா" என்கிறார்கள். அடுத்த மாதம் மறுபடி வருகிறார்களாம், நினைத்தாலே பயமாக இருக்கிறது. சாமான் மேல் ஆசை வைத்திருப்பது தப்பா? (வாசகி, மதுரை)

பதில்: தப்பே இல்லைங்கம்மா. உங்க கடிதத்தைப் படிச்சுட்டு எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா போச்சு. அது உங்க வீடு. உங்க வீட்ல எது இருக்கணும் எது போகணும்னு சொல்ற உரிமை உங்களுக்குத்தான், 74 வயசானதால அது யார் கைக்கும் மாறிடாது. உங்க மகனுக்கும் இதைப் படிக்கற மத்த பிள்ளைங்களுக்கும் நேராவே சொல்றேன்ப்பா, அம்மா கோயிலுக்கு போன நேரத்துல பண்ணின எந்த நல்லதும் நல்லதா போய் சேராது. நீங்க பாதுகாப்புக்காகத்தான் பண்ணினீங்க, புரியுது, ஆனா இப்ப என்ன ஆச்சு? நாளைக்கு பாத்ரூம்ல கம்பி போடணும்னு நீங்க சொன்னா கூட அம்மா வேண்டாம்பாங்க, அதுக்கப்புறம் வேற எதைத் தூக்குவீங்களோன்னு. தனியா இருக்கறவங்க பிள்ளைங்ககிட்ட விழுந்ததையே மறைக்கறதுக்கு முக்கால்வாசி காரணம் இந்த பயம்தான், நான் நிறைய வீட்ல பார்த்துட்டேன், முழங்கால்ல காயத்தோட "ஒண்ணுமில்ல, சும்மா இடிச்சுக்கிட்டேன்"பாங்க.

இப்ப உங்ககிட்ட வர்றேங்கம்மா. ஒரு விஷயத்துல மட்டும் நான் உங்க பிள்ளை பக்கம். தரையில எதுவும் இருக்கக்கூடாது. பீரோக்குள்ள நீங்க என்ன வேணா வெச்சுக்கோங்க, ஆனா நடக்கற தரை உங்க காலுக்கு மட்டும்தான். அதனால அவங்க வர்றதுக்கு முன்னாடி நீங்களே முந்திக்கோங்க. எந்த பீரோ, எந்த அலமாரி தொடக்கூடாதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி கதவுல ஒட்டிடுங்க. மீதி இடத்துல எடுக்கலாம், ஆனா நீங்க நாற்காலி போட்டு உக்காந்திருக்கணும், ஒவ்வொண்ணா கையில காட்டித்தான் எடுக்கணும்னு போன்லயே இப்பவே சொல்லிடுங்க. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம், அதுக்கு மேல உங்களுக்கும் அசதி, அவங்களுக்கும் எரிச்சல் வந்துடும்.

மிச்சம் இருக்கற பித்தளை, வெண்கலம் இதெல்லாம் யாருக்குப் போகணும்னு உங்க மனசுல இருக்கும் இல்ல? எங்க பக்கத்து வீட்டு பாட்டி ஒருத்தங்க ஒவ்வொரு பாத்திரத்துக்குள்ளயும் ஒரு சீட்டு போட்டு வெச்சிருந்தாங்க, இது பெரியவ கல்யாணத்துக்கு, இது தம்பி பேத்திக்கு, இது கோயிலுக்குன்னு. அதுல வெண்கலப் பானை ஒண்ணை பேத்தி கையில நேராவே கொடுத்து, பொங்கல் வெக்கறதுக்கு முன்னாடி எப்படி புளி போட்டு தேய்க்கணும்னு உக்காந்து சொல்லிக்கொடுத்தாங்க. உயிரோட இருக்கறப்பவே கொடுக்கறதுல ஒரு சந்தோஷம் இருக்கும்மா. ஐயாவோட சட்டை ஏதாவது மிச்சம் இருந்தா ஒண்ணு ரெண்டை வெச்சுக்கோங்க, மத்தது அவரைத் தெரிஞ்ச யாருக்காவது போகட்டும்.

வாசல்ல வந்து பழைய பட்டுப்புடவைக்கு பணம் தர்றோம், நகைக்கு பாலிஷ் போடறோம்னு கேக்கறவங்களை மட்டும் உள்ள விடாதீங்க. பழைய பட்டுல இருக்கறது வெள்ளி ஜரிகை, அதுக்கு நல்ல விலை இருக்கு, கூட ஒருத்தரை கூட்டிக்கிட்டு கடையில ரெண்டு இடத்துல விலை கேட்டுட்டு கொடுங்க.

கேள்வி: பாத்ரூம்ல பிடிமான கம்பி போடணும்ங்கறீங்க. டவல் மாட்டற கம்பி ஏற்கனவே ஸ்ட்ராங்காதான் இருக்கு, அது போதாதா? (வாசகர், கோவை)

பதில்: போதவே போதாதுங்க. டவல் கம்பி நிக்கறது சின்ன ஸ்க்ரூலயும் பிளாஸ்டிக் பிளக்லயும், ஈரத்துண்டைத் தாங்கும், சரியற ஆளைத் தாங்காது. ஒரு வீட்ல பெரியவர் தினம் கமோட்லேர்ந்து எந்திரிக்க டவல் கம்பியத்தான் பிடிச்சிருக்கார், நான் போய் ஆட்டிப் பார்த்தா ஒரு பக்கம் பிளக் டைல்ஸை விட்டு ஒரு விரக்கடை வெளில வந்திருக்கு. கிராப் பார்னு கேட்டு வாங்குங்க, 100 கிலோக்கு மேல தாங்கறதா பார்த்து, டைல்ஸைத் தாண்டி செங்கல் சுவர் வரைக்கும் ஆங்கர் போல்ட் இறங்கணும். உறிஞ்சி ஒட்டற கப் வெச்ச கம்பி ஆன்லைன்ல சீப்பா கிடைக்குது, அதை நம்பாதீங்க. உயரம் தரையிலேர்ந்து ரெண்டே முக்கால் அடியிலேர்ந்து மூணடி, ஆனா போடறதுக்கு முன்னாடி அவங்களையே உக்கார வெச்சு எந்திரிக்கச் சொல்லி கை எங்க போகுதோ அங்க பென்சில்ல குறிச்சுக்கோங்க.

பாத்ரூமுக்குள்ளயும் சாமானைக் குறைக்கணும். ஒரு பக்கெட், ஒரு மக், ரப்பர் புஷ் போட்ட நல்ல கனமான ஸ்டூல், சோப்பு வெக்க கைக்கு எட்டற ஒரு தட்டு, இவ்வளவுதான் வேணும். துணி ஊற வெச்ச டப்பும் வாஷிங் பவுடரும் வெளில போகட்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கறவங்க வீடா இருந்தா எண்ணெய் தேய்ச்சுக்கறதை பாத்ரூமுக்கு வெளில வெச்சுக்கோங்க, குளிச்சு முடிச்சதும் வேற யாராவது தரையை சீயக்காய் போட்டு தேய்ச்சு விடணும், தீபாவளி அன்னிக்கு காலையில இது ரொம்ப முக்கியம். கதவு உள்பக்கம் திறக்கறதா இருந்தா ஆசாரியைக் கூப்பிட்டு வெளிப்பக்கம் திறக்கற மாதிரி மாத்துங்க, உள்ள விழுந்தவங்களே கதவை அடைச்சுக்கிட்டு கிடந்தா யாரும் உள்ள போக முடியாது.

கேள்வி: அப்பா அரசு வேலையில இருந்து ரிட்டயர் ஆனவர், 83 வயசு. 40 வருஷ பேப்பர் மூணு பீரோ நிறைய, கட்டில் மேல பாதி ஃபைல், அவர் ஒரு ஓரமா ஒண்டிப் படுக்கறார். எதையும் தூக்கிப் போட விடமாட்டேங்கறார். எதை வெச்சுக்கணும்? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: உங்கப்பா பயப்படறதுல அர்த்தம் இருக்குங்க, அந்த குவியலுக்குள்ள நிஜமாவே பணமும் சொத்தும் இருக்கு. அதனால குவியலைப் பார்த்து எரிச்சல்பட்டு மொத்தமா எடைக்குப் போட்டுடாதீங்க. முதல்ல கட்டிலைக் காலி பண்ணுங்க, ஒரு பேப்பர் கூட போடாம அப்படியே அட்டைப்பெட்டிக்கு மாத்தி, மேல "கட்டில் ஃபைல்"னு அவர் கையாலயே எழுத வெச்சு, அவர் கண் பார்க்கற இடத்துல வெச்சுடுங்க. அவர் நிம்மதியா நீட்டிப் படுக்கணும், கட்டில் ஓரத்துல படுத்தா தூக்கத்துலயே கீழ விழற ஆபத்து இருக்கு.

அப்புறம் தினம் ஒரு ஃபைல். மூலப்பத்திரம், பட்டா, பென்ஷன் ஆர்டர், சர்வீஸ் பேப்பர், இன்சூரன்ஸ் பாண்டு, டெபாசிட் ரசீது, உயில் எழுதியிருந்தா அது, இதெல்லாம் அசல் அப்படியே தனி பீரோவுல. மூலப்பத்திரம் மட்டும் காணாம போச்சுன்னா போலீஸ் ஸ்டேஷன் புகார், பேப்பர் விளம்பரம்னு நாய் படாத பாடு படணும். பழைய கரண்ட் பில், போன் பில், மூடின கணக்கோட காலி செக்புக், செத்துப்போன ரேடியோவோட கேரண்டி கார்டு, இதெல்லாம் போகலாம், ஆனா கையெழுத்து, அக்கவுண்ட் நம்பர், ஆதார் நகல் இருக்கறதை கிழிச்சுட்டு போடுங்க.

நடுவுல மறந்துபோன பேங்க் பாஸ்புக் ஏதாவது வந்தா அதைத் தூக்கி வெச்சுக்கோங்க. 10 வருஷம் யாரும் தொடாத டெபாசிட் பணம் ரிசர்வ் பேங்க்கோட நிதிக்குப் போயிடும், ஆனா உரிமை போகாது, சொந்தக்காரரோ வாரிசோ அதே பேங்க்ல விண்ணப்பிச்சு வாங்கலாம். எந்த பேங்க்னு தேட 2023ல ரிசர்வ் பேங்க் உத்கம்னு ஒரு போர்ட்டல் கொண்டு வந்தாங்க, அதுல பேர் போட்டுப் பார்க்கலாம். புஸ்தகத்துக்கு நடுவுல 2000 ரூபா நோட்டு கிடைச்சா பதறாதீங்க, 2023 மே மாசம் புழக்கத்துலேர்ந்து எடுத்தாங்களே தவிர அது செல்லாத நோட்டு இல்ல, சென்னை ரிசர்வ் பேங்க் ஆபீஸ்ல மாத்தலாம், போஸ்ட் ஆபீஸ் வழியாவும் அனுப்பலாம். 2016க்கு முன்னாடி இருந்த பழைய 500, 1000 நோட்டு மட்டும் எதுக்கும் ஆகாது.

அப்பாவை இதுக்காக பேங்க் வாசல்ல க்யூவுல நிக்க வெக்காதீங்க, 70 வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு பணம் எடுக்கறது, போடறது மாதிரி அடிப்படை சேவையை வீட்டுக்கே வந்து செய்யணும்னு ரிசர்வ் பேங்க் 2017லயே சொல்லியிருக்கு, கிளையில கேளுங்க. வருஷா வருஷம் பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றும் இப்ப போஸ்ட்மேன் வீட்டுக்கு வந்து எடுத்துட்டுப் போறார்.

எல்லாம் முடிஞ்சதும் ஒரே ஒரு தாள் எழுதுங்க. சாப்பிடற மாத்திரை, அலர்ஜி, ரத்த வகை, டாக்டர் நம்பர், உங்க நம்பர், பக்கத்து வீட்டு நம்பர், 108. ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டிடுங்க. மூணு பீரோ பேப்பர்ல அவசரத்துக்கு உதவப்போறது அந்த ஒண்ணுதான்.

கேள்வி: மாமியாருக்கு 76. எப்பவும் வீட்டை கண்ணாடி மாதிரி வெச்சிருப்பாங்க. ஒரு வருஷமா காலி பால் கவர், பழைய மாத்திரை அட்டை, கெட்டுப்போன பழம் எல்லாத்தையும் தலகாணிக்கு அடியில சேர்த்து வெக்கறாங்க. எடுத்தா திருடிட்டேன்னு கத்தறாங்க. (வாசகி, வேலூர்)

பதில்: பால் கவரைக் கழுவி சேர்த்து வெக்கறது அந்தத் தலைமுறையோட சிக்கனம், அதுல நோய் எதுவும் இல்ல. ஆனா நீங்க சொல்றது வேற. பழக்கமே இல்லாதவங்க திடீர்னு சேர்க்க ஆரம்பிக்கறது, கெட்டுப்போனதும் நல்லதும் தெரியாம வெக்கறது, திருடிட்டாங்கன்னு சந்தேகப்படறது, இது ஞாபக மறதி நோயோட ஆரம்பமா இருக்கலாம். மனநல டாக்டரையோ நரம்பியல் டாக்டரையோ சீக்கிரம் பாருங்க, தைராய்டு, பி12 குறைவு மாதிரி சரி பண்ணக்கூடிய காரணமும் இருக்கலாம், டெஸ்ட்ல தெரியும். அதுவரைக்கும் அவங்ககிட்ட வாதாடாதீங்கம்மா, அவங்க வேணும்னு பண்ணல. கெட்ட பழத்தையும் மாத்திரையையும் அவங்க குளிக்கறப்ப எடுத்துடுங்க, அது உயிர் விஷயம், அங்க மட்டும் கேக்காம எடுக்கலாம். கவர்களை ஒரு கூடையில போட்டு அவங்க கண் முன்னாடியே இருக்க விடுங்க, கையில வெச்சு மடிச்சுக்கிட்டு இருந்தா மனசு அமைதியாகும். நீங்களும் ஒடிஞ்சு போயிடாதீங்க, 14567னு முதியோருக்கான உதவி எண் இருக்கு, காலையில 8லேர்ந்து ராத்திரி 8 வரைக்கும் தமிழ்லயே பேசலாம்.

கேள்வி: எல்லாம் பண்ணியும் விழுந்துட்டா? அம்மா தேனியில தனியா இருக்காங்க. (வாசகர், சென்னை)

பதில்: போன் எப்பவும் உடம்புல இருக்கணும், கழுத்துல கயிறு போட்டோ நைட்டி பாக்கெட்லயோ, பாத்ரூம் போறப்பவும். ஒரு சாவி பக்கத்து வீட்ல இருக்கணும், காலையில ஒரு நேரம் வெச்சு அவங்க குரல் கொடுக்கணும். விழுந்தவங்களை உடனே அள்ளித் தூக்காதீங்க. ஒரு கால் குட்டையா தெரிஞ்சு பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தா இடுப்பு எலும்பு உடைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம், அசைக்காம 108 கூப்பிடுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க தலையில அடிபட்டா, நல்லா பேசினாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரி போயாகணும். அடியே படலன்னாலும் விழுந்ததை டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க, பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை இதுல ஏதாவது அளவு கூடிப்போய் எந்திரிக்கறப்ப தலை சுத்துதான்னு படுக்க வெச்சும் நிக்க வெச்சும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்க. அடுத்த தடவை போறப்ப எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு கையோட எடுத்துட்டுப் போங்க.